நாற்பது நிமிடத்தில் ஊமையாகும் கணினி

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 69. கண் அழுத்த நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பத்தாண்டுக்கு முன் முழுவதுமாகப் போய்விட்டது. வீட்டில் இருப்பது 2005இல் அசெம்பிள் செய்து வாங்கிய பென்டியம் 4 கணினி. 1 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் அதில்தான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். கடிதத்தையும் அதிலேயே எழுதியிருக்கிறார், “நடுவில் மூன்று முறை பேச்சு நின்றுபோனதால் நான்கு தவணையில்.”

கடிதத்தின் சுருக்கம் இது. பார்வை மங்கத் தொடங்கியபோது எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டிருக்கிறார். அதுவும் போதாமல் போனதும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் ஜாஸ் என்ற திரைவாசிப்பானைப் பயிற்சி மையம் ஒன்றில் கற்று, பணம் கொடுத்து உரிமத்தோடு வாங்கியிருக்கிறார். அதன் குரலுக்குத் தமிழ் வராது என்பதால் பிறகு என்விடிஏ என்ற இன்னொரு இலவசத் திரைவாசிப்பானும் ஏறியது. ஆங்கிலத்துக்கு ஜாஸ், தமிழுக்கு என்விடிஏ என இரண்டையும் சேர்த்தே ஓட்டுகிறார். பெரிதாக்கும் மென்பொருள் இனி எதற்கு என்று அவருடைய அக்கா மகன் அதன் ஃபோல்டரை அழித்துவிட்டார். போன வருடம் ஹார்டு டிஸ்க் பழுதாகி, பழையதில் இருந்ததை அப்படியே புதியதில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார் ஊரில் உள்ள மெக்கானிக்.

அதிலிருந்து தொல்லைதான். சாயங்காலம் ஏழரைக்கு உட்கார்ந்தால் எட்டேகாலைத் தாண்டுவதே இல்லை, ஜாஸ் வாய் மூடிவிடுகிறது. இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று பேசுகின்றன. வேர்டு திடீரென்று மூடிக்கொள்கிறது, சில நாள் கணினியே தானாக அணைந்து மறுபடி எழுகிறது. சில நேரம் எந்தச் சாவியைத் தட்டினாலும் எழுத்து விழுவதில்லை. எல்லாவற்றையும்விட அவரை உறங்கவிடாத சங்கதி, 2012க்கு முன் தட்டச்சு செய்த பாட்டுகளைத் திறந்தால் தமிழே இல்லை, வெறும் ஆங்கில எழுத்துகளாகப் படிக்கிறதாம். கோப்பெல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறார். மெக்கானிக் ஃபார்மட் செய்யலாம் என்கிறார். தூக்கிப் போடுங்கள் என்கிறார் மகன். “எல்லாவற்றிலும் புதிய பதிப்பைப் போட்டால் சரியாகுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

ஐயா, வணக்கம். கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பாட்டுகள் கெடவில்லை. எப்படி என்று பின்னால் விளக்குகிறேன். அதுவரை யார் சொன்னாலும் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

நீங்கள் ஒரே நோய் என்று நினைத்து எழுதியிருப்பது உண்மையில் நான்கு. ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி, மருந்தும் தனி. எல்லாம் ஒரே பெட்டியில் நடப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. திரையைப் பார்க்க முடிகிறவருக்கு அறிவிப்புப் பெட்டி, விண்டோஸ் பிழையால் விழும்போது வரும் நீலத் திரை, உறைந்துபோன அம்புக்குறி எல்லாம் வேறு வேறு. கேட்டு மட்டும் வேலை செய்கிறவருக்கு எல்லாமே ஒரே மௌனம்தான்.

எட்டேகால் மணி ரகசியம்

ஏழரைக்கு உட்கார்ந்து எட்டேகாலைத் தாண்டியதில்லை என்ற உங்கள் வரியைப் படித்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. உரிமம் செயல்படாத ஜாஸ் 40 நிமிடம்தான் ஓடும். அதன் பிறகு கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். வாங்குமுன் பயன்படுத்திப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு அது. உங்கள் உரிமம் கணினியின் பாகங்களோடு பிணைக்கப்பட்டது. ஹார்டு டிஸ்க் மாறியதும் அது வேறு கணினி என்று ஜாஸ் முடிவு கட்டிவிட்டது. தொடங்கும்போதே ‘40 நிமிடப் பயன்பாடு’ என்று ஒரு அறிவிப்பு வரும். இரண்டு குரல் ஒன்றாகப் பேசும் சந்தடியில் அது உங்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். பழக்கதோஷத்தில் எண்டர் தட்டித் தாண்டியும் இருக்கலாம்.

எனவே இது பழுதே இல்லை. டப்பாவும் உரிம எண்ணும் இருந்தால் விற்றவர்களிடம் சொல்லி மறுபடி செயல்படுத்தக் கேட்கலாம். அது உங்கள் உரிமை, நீங்கள் காசு கொடுத்தவர். ‘கிராக் போட்டுத் தருகிறேன்’ என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு குற்றம் என்கிறது. சட்டத்தை விடுங்கள், அப்படிப் போடுகிற கோப்போடு வேறென்ன உள்ளே வருகிறது என்று யாருக்குத் தெரியும்? கடன் வாங்காமல் சொந்தப் பணத்தில் வாங்கிய பொருளுக்குக் கள்ளச்சாவி போடும் கொடுமை வேறு.

புதிய பதிப்பு பற்றிக் கேட்டீர்கள். எக்ஸ்பியில் ஓடும் கடைசி ஜாஸ் 15ஆம் பதிப்பு. என்விடிஏவில் 2017.3. அதற்குப் பின் வந்தவை உங்கள் கணினியில் ஏறவே ஏறாது. பழைய வண்டிக்கு அதன் காலத்து உதிரிபாகம்தான் பொருந்தும். என்விடிஏ 2017.3 அல்லாத வேறு பதிப்பு இருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் மாறிக்கொள்ளுங்கள்.

ஒரு உறையில் இரண்டு கத்தி

திரைவாசிப்பான் என்பது வேர்டு, பிரவுசர் மாதிரி ஓரமாக உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கும் மென்பொருள் இல்லை. நீங்கள் தட்டும் ஒவ்வொரு சாவியையும் முதலில் அது பிடித்துப் பார்க்கிறது. திறந்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் தன் ஆள் ஒருவரை அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்குகிறது. ஜாஸும் என்விடிஏவும் இன்சர்ட் சாவியைத்தான் தங்கள் கட்டளைச் சாவியாக வைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் அதைப் பிடிக்கப் பாய்ந்தால், இரண்டின் ஆட்களும் வேர்டுக்குள் ஒரே இடத்தில் கை வைத்தால், வேர்டு மூடிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று வேண்டும் என்பது தவறான எண்ணம் ஐயா. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலைத் தமிழுக்கு வைத்தால், நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் அதுவே படித்துவிடும். உச்சரிப்பு கொஞ்சம் கரடுமுரடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரலின் முதல் வடிவம் 1995இல் ஏக்கார்ன் என்ற பழைய வகைக் கணினிகளுக்காக எழுதப்பட்டது. அவ்வளவு லேசானது என்பதால் உங்கள் 1 ஜிபி ராமில் மூச்சு வாங்காமல் ஓடும்.

இந்தக் கணினியில் ஜாஸை விட்டுவிட்டு என்விடிஏவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. விரல் பழகியதெல்லாம் வீணாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். இன்சர்ட்டோடு கீழ் அம்பு தட்டினால் தொடர்ந்து படிப்பது, மேல் அம்பு தட்டினால் அந்த வரியைப் படிப்பது, டி (T) தட்டினால் சாளரத்தின் பெயர், எஃப்12 தட்டினால் மணி, இவையெல்லாம் இரண்டிலும் ஒன்றேதான்.

தானாக அணைந்து எழுவதற்குக் காரணம் வேறு. உங்கள் மருமகனைக் குறை சொல்லவில்லை, பலரும் செய்வதுதான். எக்ஸ்பி காலத்துப் பெரிதாக்கும் மென்பொருள்கள் திரைக்குப் போகும் படத்தை வழியிலேயே மறித்து வாங்குவதற்குத் டிரைவர் என்ற தங்கள் துணை நிரல் ஒன்றை விண்டோஸின் அடிவயிற்றில் நட்டுவைக்கும். ஜாஸும் அப்படித்தான், ஒன்றின் பின்னால் ஒன்றாகச் சங்கிலி போல. ஃபோல்டரை அழித்தால் மேலே தெரிந்த செடிதான் போகும், வேர் போகாது. ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்த அறுந்த கண்ணியைத் தேடிப்போய் விழுகிறது என்றே நினைக்கிறேன்.

இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்பி நீலத் திரையைக் காட்டிய கையோடு தானாக மறுதொடக்கம் செய்துவிடும், அதனால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. மை கம்ப்யூட்டரின் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கம் போய், ஸ்டார்ட்டப் அண்ட் ரிக்கவரி செட்டிங்ஸில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை விழும்போது நீலத் திரை அப்படியே நிற்கும். பேத்தியை விட்டு மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள பிழை எண் ‘இஏ’ (EA) என்று முடிந்தாலோ, டாட் சிஸ் என்று முடியும் கோப்பின் பெயர் திரை சம்பந்தப்பட்டதாக இருந்தாலோ என் ஊகம் சரி.

நீக்கும் வரிசை முக்கியம். டிரைவர் நட்ட இரண்டில் கடைசியில் ஏறியது முதலில் இறங்க வேண்டும்.

முதலில் என்விடிஏவின் டூல்ஸ் மெனுவில் போர்ட்டபிள் காப்பி ஒன்றை பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது மக்கர் செய்தாலும் பென் டிரைவிலிருந்து ஒரு குரல் கிடைக்கும். பிறகு சிஸ்டம் ரீஸ்டோரில் ஒரு மீட்புப் புள்ளி. அப்புறம் ஜாஸை இன்சர்ட், எஃப்4 தட்டி மூடிவிட்டு, என்விடிஏ பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட் ஆர் ரிமூவ் ப்ரோகிராம்ஸ் வழியாக ஜாஸை நீக்குங்கள். மறுதொடக்கம். அதன் பின் பெரிதாக்கும் மென்பொருளின் பழைய சிடியைத் தேடி எடுத்து, மறுபடி நிறுவி, உடனே முறைப்படி நீக்குங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் மென்பொருளை வேரோடு நீக்கும் அன்இன்ஸ்டாலர் ஃபோல்டரோடு அழிந்துபோனது, அது திரும்பக் கிடைக்க இதுதான் சுலபமான வழி. மறுபடி மறுதொடக்கம்.

இந்த ஒரு நாள் மட்டும் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். திரை எழாமல் போனால் எஃப்8 தட்டி, அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே சவுண்டு டிரைவர் ஏறாது, எந்தத் திரைவாசிப்பானும் வாய் திறக்காது. தனியாக மாட்டிக்கொண்டால் ரொம்பச் சிரமம்.

செத்தது கீபோர்டு இல்லை

சாவி தட்டினால் எழுத்து விழாத சங்கதிக்கு வருகிறேன். “யோசிக்கும்போது விரல்களைக் கீபோர்டின் மேலேயே வைத்திருப்பேன்” என்று எழுதியிருந்தீர்கள். வலது பக்க ஷிஃப்டை 8 நொடி அழுத்தியபடி இருந்தால் எக்ஸ்பி ஃபில்டர் கீஸ் என்ற வசதியைத் திறக்கும். கை நடுங்குகிறவர்கள் தெரியாமல் தட்டுவதை ஒதுக்குவதற்காக வைத்தது. கேட்கும் பெட்டியில் எண்டர் தட்டினால் ஓடத் தொடங்கிவிடும். அதன் பிறகு வேகமாகத் தட்டும் எதையும் கணினி கண்டுகொள்ளாது. சாவியை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். உங்களைப் போல வேகமாகத் தட்டச்சு செய்கிறவருக்குக் கீபோர்டு செத்துவிட்டதாகத்தான் தோன்றும்.

அப்படி ஆனால் வலது ஷிஃப்டை மறுபடி 8 நொடி பிடியுங்கள், போய்விடும். ஒரேயடியாக ஒழிக்க, கண்ட்ரோல் பேனலில் அக்சஸிபிலிட்டி ஆப்ஷன்ஸில் ஸ்டிக்கி கீஸ், ஃபில்டர் கீஸ் இரண்டின் குறுக்குவழிகளையும் எடுத்துவிடுங்கள்.

அதே இடத்தில் டாகிள் கீஸ் என்று ஒன்று இருக்கும். அதை மட்டும் போட்டுவையுங்கள். நம்லாக் தட்டினால் பீப் என்று ஒரு ஒலி வரும், போடும்போது ஒரு சுருதி, எடுக்கும்போது வேறு சுருதி. எக்ஸ்பியில் இந்த பீப் சவுண்டு கார்டு வழியாக வராது, மதர்போர்டில் செருகியிருக்கும் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வரும். ஆகவே பேச்சு நின்றுபோனால் பதறாமல் நம்லாக்கைத் தட்டுங்கள். பீப் கேட்டால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. ஆல்ட், கன்ட்ரோல், ‘என்’ (N) சாவி மூன்றையும் சேர்த்துத் தட்டினால் என்விடிஏ புதிதாகத் தொடங்கும். எழுதியதும் தப்பிக்கும். பீப்பும் இல்லையென்றால்தான் கணினியே உறைந்துவிட்டது, அப்போது மட்டும் பவர் பட்டனைத் தொடுங்கள். இந்தச் சோதனை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த கணினியைப் பவர் பட்டனில் அணைத்து அணைத்தே ஹார்டு டிஸ்க்கைக் கெடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

குரல் விக்கி விக்கி வந்தால், சவுண்ட்ஸ் அண்ட் ஆடியோ டிவைசஸில் ஸ்பீக்கருக்கான அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை ஒரு படி குறைத்துப் பாருங்கள். கோப்புகளின் தேதி எல்லாம் தப்பாகக் காட்டுகிறது என்றீர்களே, அது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனதன் அடையாளம். மாற்றிவிடுங்கள். பெட்டியைத் திறக்கிறபோதே பேத்தியை மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால், அந்தக் காலத்து மதர்போர்டுகளுக்கு வந்த வியாதி அது. மென்பொருளை எவ்வளவு சுத்தம் செய்தாலும் கணினி விழுந்துகொண்டேதான் இருக்கும்.

மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் 52ஆம் பதிப்போடு எக்ஸ்பியைக் கைவிட்டது. இந்தக் கணினியில் ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். இந்த விஷயத்தில் மகன் பக்கம்தான் நான். இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டால் அந்தக் கனத்த ஆன்டிவைரஸும் தேவைப்படாது, ராமில் பாதியை அதுதான் தின்றுகொண்டிருக்கும். சாவி பிடிக்கும் மென்பொருள் என்று திரைவாசிப்பானையே சந்தேகப்பட்டுத் தடுக்கும் ஆன்டிவைரஸ்களும் உண்டு. ஆனால் கண்ட பென் டிரைவையும் செருகாதீர்கள்.

வங்கி, மின்னஞ்சல், செய்தி இவற்றுக்கு ஒரு புதிய மடிக்கணினியும் அதில் என்விடிஏவும் போதும். அது இலவசம் என்பதால் மென்பொருளுக்குச் செலவில்லை. விரல்களுக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. உங்கள் பென்டியத்திலேயே விண்டோஸ் 10 ஏற்றித் தருவதாக மெக்கானிக் சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். 1 ஜிபி என்பது அதற்கு வாசற்படி, வீடு இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி உபகரணத் திட்டங்கள் என்ன இருக்கின்றன என்று அடையாள அட்டையோடு போய்க் கேட்டுவிட்டு, அப்புறம் கடைக்குப் போகலாம்.

அதற்காகப் பழையதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எழுதுவதற்கென்று அது ஒரு மூலையில் இருக்கட்டும். மகனுக்கு அது இரும்புப் பெட்டி. உங்கள் கைக்கு எந்தச் சாவி எங்கே என்று தெரிந்த பெட்டி. இரண்டு மாதம் இரண்டும் இருக்கட்டும் என்று அவரிடம் பேசிப் பாருங்கள்.

பாட்டுகள் எங்கே போயின?

2012க்கு முன் நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அதில் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்தே இல்லை. ‘தமிழ்’ என்று நீங்கள் அடித்தபோது கோப்பில் விழுந்தது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி எழுத்துரு அந்த ஐந்தின் மேலும் தமிழ் வடிவத்தைப் போர்த்தித் திரையில் காட்டியது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பார்வை இருந்தவரை உங்களுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. திரைவாசிப்பானோ வடிவத்தைப் பார்க்காது, உள்ளே உள்ளதைத்தான் படிக்கும். அதனால்தான் ஜேகேபிஓ என்று உளறுகிறது. 2012க்குப் பின் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில், தமிழைத் தமிழாகவே கோப்பில் சேமிக்கும் யூனிகோடுக்கு மாறியதால் அவை மட்டும் சரியாகக் கேட்கின்றன. ஒரு வரிகூடக் கெடவில்லை.

முதலில் மை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டையும் முழுதாக இரண்டு தனித்தனி பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கூடவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸில் இருக்கும் பாமினி கோப்பையும். ஃபார்மட் செய்திருந்தால் இவையெல்லாம் ஒன்றாகப் போயிருக்கும்.

அப்புறம் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளால் பாமினியை யூனிகோடாக மாற்றலாம். ஒரு எச்சரிக்கை. ‘பாடியவர் வயது 70, டேப் நம்பர் 3’ என்று நீங்கள் நடுநடுவே ஆங்கிலத்தில் எழுதிவைத்த குறிப்புகளையும் பாமினி என்று நினைத்து அது மாற்றிவிடும். அவை புரியாத தமிழாகிவிடும். எனவே மாற்றுவது எப்போதும் நகலில்தான், மூலம் அப்படியே இருக்க வேண்டும். குறிப்பு வரிகளைப் பேத்தி மூலத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தித் தரட்டும். எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் மாற்றாமல், சின்னத் தாலாட்டு ஒன்றை எடுத்து மாற்றி என்விடிஏவை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்த இரும்புக் குரலில் ‘ஆராரோ ஆரிரரோ’ கேட்கச் சகிக்காது. எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்பது மட்டும் முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.